ஐஇஎல்டிஎஸ்: பயிற்சி மையத்தில் சொல்லாமல் விடும் விஷயங்கள்

வெளிநாட்டுப் படிப்புக்கும் வேலைக்கும் கேட்கும் ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் ரிசல்ட் கைக்கு வந்தாயிற்று, வேண்டிய பேண்டும் (9 வரை போகும் மதிப்பெண்) கிடைத்தாயிற்று. ஆனால் பயிற்சி மையத்துக்குக் கட்டிய பணத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அங்கே சொல்லிக் கொடுத்ததில் பாதி பழைய பேப்பர் தேர்வுக்கானது. மீதிப் பாதி, ரைட்டிங்கில் 6-ஐத் தாண்ட விடாத மனப்பாட வாக்கியங்கள். இப்போது தயாராகிக் கொண்டிருப்பவர்களாவது பணத்தையும் மாதங்களையும் இழக்காமல் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். லிஸனிங் (கேட்டல்), ரீடிங் (வாசிப்பு), ரைட்டிங் (எழுத்து), ஸ்பீக்கிங் (பேச்சு) என்று தேர்வில் நான்கு பிரிவுகள்; மற்ற அமைப்பு உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

அகாடமிக், ஜெனரல் டிரெயினிங் என்று இரண்டு வகைத் தேர்வு உண்டு; முதலில் எது என்பதைப் பணம் கட்டும் முன்பே முடிவு செய்யுங்கள். மேற்படிப்புக்கும், பிரிட்டனில் நர்ஸ் பதிவுக்கும் அகாடமிக். கனடாவில் குடியேறும் திட்டமான எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்கு ஜெனரல் டிரெயினிங். பிரிட்டன் விசாவில் சில வகைகளுக்கு 'ஐஇஎல்டிஎஸ் ஃபார் யுகேவிஐ' என்று தனிப் பதிவு உண்டு. கேள்வித்தாளின் அமைப்பு அதேதான், ஆனால் சாதாரணத் தேர்வின் சான்றிதழை அதற்குப் பதிலாகக் காட்ட முடியாது. ஏஜென்ட் வாய்மொழியாகச் சொல்வதை நம்பாமல், பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் பிரிவுக்கு மின்னஞ்சல் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வையுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊர்க்காரர்களுக்கென்றே வரும் தலைவலி இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் 'முத்துக்குமார் ச' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் 'முத்துக்குமார் சண்முகம்' முழுவதும் கிவன் நேம் கட்டத்தில் இருக்கும், சர்நேம் கட்டம் காலி. பதிவுப் படிவமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். அந்த இடத்தில் ஏஜென்ட் ஆபீஸ் ஆள் இனிஷியலைப் போட்டு நகர்த்திவிடுவார். விடாதீர்கள். இந்தியாவில் இந்தத் தேர்வுக்கு அடையாளச் சான்று பாஸ்போர்ட் மட்டும்தான். ஆதாரை நீட்டினால் உள்ளே விட மாட்டார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் பெயர் இருக்க வேண்டும், சர்நேம் இல்லாதவர்கள் எந்தக் கட்டத்தில் என்ன போடுவது என்று தேர்வு நடத்துபவர்களிடமே கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவு செய்த பிறகு பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் எண் மாறியிருக்கும். அதையும் தேர்வு நாளுக்கு முன்பே தெரிவித்து மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய பாஸ்போர்ட்டின் ஜெராக்ஸ் அங்கே செல்லாது.

லிஸனிங்கில் நடக்கும் ஏமாற்றம் ஒன்றுதான், ஆனால் பெரியது. பேப்பர் தேர்வில் ஆடியோ முடிந்ததும் விடைகளை எடுத்தெழுத 10 நிமிடம் உண்டு. கணினித் தேர்வில் சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே. மையத்தில் பழைய பிரிண்ட் அவுட்டில் கிறுக்கிவிட்டு, நிதானமாக எழுத்துப்பிழை திருத்திப் பழகியவர் கணினி முன்னால் உட்கார்ந்தால் நான்காம் பகுதியிலேயே தடுமாறிவிடுவார். முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டே டைப் செய்து பழகுங்கள். ஆடியோ ஒரு முறைதான் ஓடும். ஒரு விடை தவறிப்போனால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். அதையே நினைத்துக்கொண்டிருந்தால் கூடவே இன்னும் இரண்டு போகும்.

முதல் பகுதியில் பெயர், முகவரி, போஸ்ட்கோடு எழுத்து எழுத்தாக வரும். 'ஏ'யும் 'ஈ'யும், 'ஜி'யும் 'ஜே'யும் வேகத்தில் மாறிப்போகும். 'டபுள் ஃபோர்' என்றால் 44. தர்ட்டீன், தர்ட்டி இரண்டையும் அழுத்தம் எங்கே விழுகிறது என்று கேட்டுத்தான் பிரிக்க வேண்டும். பன்மையில் கடைசி 'எஸ்' விட்டால் அந்த மதிப்பெண் போச்சு. 'இரண்டு வார்த்தைகளுக்கு மிகாமல்' என்று இருக்கும்போது மூன்று எழுதினால் விடை சரியாக இருந்தும் தவறுதான். ஸ்பெல்லிங் பிரிட்டிஷ், அமெரிக்கன் எதுவானாலும் ஏற்கிறார்கள். 40-க்கு 30 சரி என்றால் ஏறத்தாழ 7, 35 என்றால் 8.

ரீடிங்கில் எடுத்தெழுத எந்த வடிவத்திலும் தனி நேரம் கிடையாது. 60 நிமிடம், 40 கேள்வி, அவ்வளவுதான். மூன்றாவது பத்தி கடினம் என்பதால் முதலாவதை 15 நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும். பெரும்பாலோர் விழும் இடம், ஒரு கூற்றைக் கொடுத்து ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் என்று குறிக்கச் சொல்லும் கேள்வி. பத்தி அந்தக் கூற்றை மறுத்தால்தான் ஃபால்ஸ். மறுக்கவும் இல்லை, ஆமோதிக்கவும் இல்லை என்றால் நாட் கிவன். நமக்கு வெளியே தெரிந்த விஷயத்தை வைத்து முடிவு செய்யும்போதுதான் தவறு நடக்கிறது. ஜெனரல் எழுதுபவர்கள் கவனிக்க: அங்கே 7 வாங்க 34 வரை சரியாக வர வேண்டும், 30 எடுத்தால் 6 அளவில்தான் நிற்கும்.

இனி ரைட்டிங். பணத்தைத் தின்பது இதுதான்.

லிஸனிங் 7.5, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 27, சராசரி 6.75. அது 7 ஆகிவிடும். வீட்டில் எல்லோரும் கொண்டாடுவார்கள். ஆனால் 'எந்தப் பிரிவிலும் 6.5-க்குக் குறையக் கூடாது' என்று பல்கலைக்கழகம் கேட்டிருந்தால் அந்த 7-ஆல் பயன் இல்லை. பிரிட்டன் நர்ஸிங் கவுன்சில் மற்ற மூன்றிலும் 7 கேட்டாலும் ரைட்டிங்கில் 6.5 போதும் என்று 2018-இல் தளர்த்தியது. அந்த 6.5-க்கே எத்தனை பேர் திரும்பத் திரும்பப் பணம் கட்டுகிறார்கள் என்பதைத் தேர்வு மைய வாசலில் நின்று பேசினால் தெரியும்.

காரணம் டெம்ப்ளேட், அதாவது மனப்பாடம் செய்த அச்சு வார்ப்பு வாக்கியங்கள். 'இன் திஸ் மாடர்ன் எரா' என்று தொடங்கி, 'திஸ் டாபிக் ஹேஸ் போத் மெரிட்ஸ் அண்ட் டிமெரிட்ஸ்' என்று முடியும் முன்னுரையைப் பயிற்சி மையம் எல்லோருக்கும் கொடுத்துவிடும். எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வாக்கியம் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. தேர்வாளர்கள் நான்கு அளவுகோல்களில் சம எடையில் மதிப்பிடுகிறார்கள்: கேட்டதற்குப் பதில், ஓட்டம், சொல்வளம், இலக்கணம். அவர்களுடைய மதிப்பீட்டு விவரம் பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படிக்காமல் யாரும் தேர்வுக்குப் போகாதீர்கள். இணைப்புச் சொற்கள் இயந்திரத்தனமாக இருக்கலாம் என்பது அதில் 6-ஆம் பேண்டின் அடையாளம். மையமோ ஒவ்வொரு வாக்கியத்தின் தலையிலும் 'மோர்ஓவர்', 'ஃபர்தர்மோர்' வைக்கச் சொல்கிறது. அதாவது 6-க்குரிய எழுத்தைப் பணம் வாங்கிக்கொண்டு பழக்குகிறார்கள்.

சரி, 7-க்கு என்ன செய்வது? ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்: பல்கலைக்கழகக் கல்வி எல்லோருக்கும் இலவசமாக இருக்க வேண்டும் என்பதை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்? டெம்ப்ளேட் ஆள் கல்வியின் நன்மைகளைப் பட்டியல் போடுவார். கேள்வி அதுவல்ல. 'எல்லோருக்கும்', 'இலவசமாக' என்ற இரண்டு சொல்லில்தான் கேள்வியே இருக்கிறது. வசதியற்றவர்களுக்கு மட்டும் இலவசம் என்பது என் நிலைப்பாடு என்றால், அதை முன்னுரையிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பத்தியில், கட்டணத்தை நீக்கினாலும் விடுதியும் சாப்பாடும் புத்தகமும் செலவாகவே இருப்பதால், வசதியானவருக்கும் சேர்த்துச் செலவிடும் பணத்தை ஏழை மாணவரின் விடுதிக்குக் கொடுப்பதே பயன் என்று வாதிடலாம். இன்னொரு பத்தியில் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை எடுத்துப் பதில் சொல்லலாம். ஒரு பத்திக்கு ஒரு கருத்து போதும். அதை ஏன், எப்படி, எங்கே என்று இழுத்துச் சென்றால் 270 வார்த்தை தானாக வரும். மூன்று கருத்தை ஒரே பத்தியில் தூவினால் ஒன்றும் வளராது.

நேரத்தைப் பொறுத்தவரை, ரைட்டிங்கில் உள்ள இரண்டு டாஸ்க்கில் (கேள்வி) இரண்டாவதான கட்டுரையை முதலில் எழுதுங்கள். அதற்கு இரட்டை எடை. ஐந்து நிமிடம் யோசிக்க, முப்பது நிமிடம் எழுத, ஐந்து நிமிடம் திருத்த. கணினித் திரையில் இரண்டுக்கும் இடையே மாறி மாறிப் போகலாம், வார்த்தை எண்ணிக்கை கீழே தெரியும். ஸ்பெல் செக் கிடையாது. போனில் மட்டுமே டைப் செய்து பழகியவர்கள் இங்கே ரொம்பவே சிரமப்படுவார்கள். ஒரு மணி நேரத்தில் 400 வார்த்தைக்கு மேல் யோசித்து அடிக்க வேண்டும். வீட்டில் லேப்டாப் இருந்தால் நோட்பேடில், இல்லையென்றால் பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்தாவது முழு நீளக் கீபோர்டில் பழகுங்கள். மையத்தில் உட்காருவதைவிட இது பலன் தரும்.

முதல் டாஸ்க்கில் அகாடமிக்காரர்கள் விடுவது ஓவர்வியூ. கேள்வியில் கொடுத்த வரைபடத்தில் (சார்ட்) மொத்தத்தில் என்ன நடந்தது என்று இரண்டு வாக்கியம், எண்கள் இல்லாமல். அது இல்லாவிட்டால் அந்த அளவுகோலில் 5-இலேயே நின்றுவிடலாம். எண் ஏன் கூடியது, ஏன் குறைந்தது என்று சொந்தக் காரணம் சேர்க்கக் கூடாது. அச்சில் 'ஆயிரத்தில்' என்று சின்னதாக எழுதியிருப்பதைப் பார்க்காமல் 40 பேர் என்று எழுதிவிடுகிறார்கள்.

இலக்கணத்தில் நம்மவர்கள் செய்யும் பிழைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. 'டிஸ்கஸ் அபவுட்', 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'எக்விப்மென்ட்ஸ்', 'ஒன் ஆஃப் தி' போட்டுவிட்டு ஒருமை, பொதுவாகச் சமூகத்தைச் சொல்லும்போதும் 'இன் தி சொசைட்டி'. எழுதிய கட்டுரைகளில் சிவப்பு விழுந்த இடங்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வையுங்கள். மறுபடி மறுபடி வருவது ஏழெட்டுக்கு மேல் இருக்காது. கடைசி ஐந்து நிமிடத்தில் அந்த ஏழெட்டை மட்டும் தேடித் திருத்துங்கள். பிழையில்லாத வாக்கியங்கள் அடிக்கடி வந்தால்தான் 7. ஏஐ கருவிகளிடம் பிழையைக் கேளுங்கள், பேண்ட் கேட்காதீர்கள். எனக்குத் தெரிந்தவரை தாராளமாகவே போட்டுக் கொடுக்கின்றன.

ஸ்பீக்கிங் 11 முதல் 14 நிமிடம். சில மையங்களில் எதிரில் ஆள் இருக்க மாட்டார், வீடியோ அழைப்பில்தான் பேசுவார். வேறு தேதியிலும் வரலாம், பதிவை ஒழுங்காகப் பாருங்கள். மனப்பாடம் செய்த பதிலைத் தேர்வாளர் உடனே கண்டுபிடித்துக் கேள்வியை மாற்றிவிடுவார். இரண்டாம் பகுதியில் ஒரு நிமிடம் குறிப்பெடுக்கத் தருவார்கள். முழு வாக்கியம் எழுதாமல் நான்கைந்து சொல் மட்டும் குறித்தால் இரண்டு நிமிடம் பேசலாம். உச்சரிப்பில் வெள்ளைக்காரர் மாதிரி பேச முயல வேண்டாம். தெளிவாகப் புரிந்தால் போதும்.

மதிப்பெண்ணில் சந்தேகம் என்றால் தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். பேண்ட் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ரைட்டிங், ஸ்பீக்கிங்கில் அரை பேண்ட் குறைந்தவர்கள் யோசிக்கத் தகுந்த வழி. கணினியில் எழுதியிருந்தால் 60 நாளுக்குள் ஒரே ஒரு பிரிவை மட்டும் திரும்ப எழுதும் 'ஒன் ஸ்கில் ரீடேக்' வசதியும் இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் அதை ஏற்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா இடமும் ஏற்பதில்லை.

தேர்வே எழுதாமல் சான்றிதழ், முன்கூட்டியே கேள்வித்தாள் என்று டெலிகிராமில் வரும் ஆட்களுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பல்கலைக்கழகங்களும் தூதரகங்களும் சான்றிதழ் எண்ணை இணையத்தில் நேரடியாகச் சரிபார்க்கின்றன. பிடிபட்டால் விசா மறுப்போடு, அடுத்தடுத்த விண்ணப்பங்களுக்கும் சேர்த்துத் தடை வரலாம். உண்மையான சான்றிதழ் 2 வருடம் செல்லும். அட்மிஷன், விசா இரண்டும் அந்தக் காலத்துக்குள் முடிகிறதா என்று கணக்குப் போட்டுத் தேர்வுத் தேதியை எடுங்கள்.