வீட்டுல பேசுற மாதிரி சொல்லலாமா, டீச்சர்?

1994இல், கடலோரத்து உப்பள ஊரான மரக்காணம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என்னிடம் கேட்ட கேள்வி இது. தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் மாவட்டம் பிரிந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முனைவர் பட்டத்துக்காக நான் வாசிப்புப் புரிதலை எடுத்திருந்தேன். கையில் ஒரு கதை அட்டை, ஒரு டேப் ரெக்கார்டர், மதிப்பெண் போட ஒரு தாள். பிள்ளை கதையை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"புக்குல இருக்குற மாதிரியே சொல்லணுமா, வீட்டுல பேசுற மாதிரி சொல்லலாமா, டீச்சர்?"

"எப்படி வேணா சொல்லுப்பா" என்றேன். ஆனால் என் தாளில் வேறு விதி இருந்தது. கதையில் உள்ள முக்கியமான சொற்கள் அப்படியே வந்தால்தான் மதிப்பெண். அவன் வீட்டுப் பேச்சில் சொன்னான். 10க்கு 4 போட்டேன். கடலை விட்டு உள்ளே தள்ளி, கரும்பு விளையும் ஊர் ஒன்றில் மறுநாள் ஒரு பெண் குழந்தை வரி பிசகாமல் ஒப்பித்தது. அதற்கு 9. இந்தத் துறையில் நான் செய்த பெரிய தவறு அந்த இரண்டு எண்களில்தான் இருக்கிறது. அது தவறு என்று தெரிய எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆனது.

படிப்பில் நான் கற்றுக்கொண்ட கோட்பாடுகள் தப்பானவை அல்ல. 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கலாகச் சொன்னார்கள். எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒன்று, காதால் கேட்டால் மொழி புரியும் திறன் இன்னொன்று. இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். இதை நான் மாணவர்களுக்கு எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆனால் தமிழில் இந்தப் பெருக்கல் நம்மை ஏமாற்றும் விதத்தைக் களத்தில்தான் பார்த்தேன். தமிழில் எழுத்தைப் பார்த்தால் பெரும்பாலும் ஒலி தெரிந்துவிடும். கல், தங்கம், பகல் மூன்றிலும் 'க' வேறு வேறாக ஒலிக்கிறது என்பது போன்ற சில இடங்கள் உண்டு, அதைப் பிள்ளைகள் பேச்சிலிருந்தே சரிசெய்துகொள்கிறார்கள். எழுத்துகள் ஒருமுறை பிடிபட்டுவிட்டால் எதை வேண்டுமானாலும் கணீரென்று படித்துவிடலாம், ஒரு வரிகூடப் புரியாமல். தலைமையாசிரியர்கள் பெருமையாக முன்னால் நிறுத்தும் பிள்ளைகளில் பலர் அப்படிப் படிக்கக் கேட்டிருக்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிகளில் ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதுவேன். "மிலுவன் தொரப்பியைக் கசுக்கிப் பொழினியிடம் கொடுத்தான்." மிலுவன் எதைக் கசுக்கினான்? தொரப்பியை. யாரிடம் கொடுத்தான்? பொழினியிடம். எல்லோருக்கும் முழு மதிப்பெண். சரி, தொரப்பி என்றால் என்ன? அறை அமைதியாகிவிடும். நம் வேற்றுமை உருபுகள் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானவை. 'ஐ' இருக்கிற சொல்லைப் பிடித்தால் 'எதை'க்கு விடை, 'இடம்' இருக்கிற சொல்லைப் பிடித்தால் 'யாரிட'த்துக்கு விடை. "பத்தியைப் படித்து வினாக்களுக்கு விடையளி" என்ற பகுதியில் நாம் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். விடை வரியில் இருக்கும், பிள்ளை எடுத்து எழுதிவிடும்.

2006இல் பழைய கேசட்டுகளில் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருந்தது. கணினியில் ஏற்றிவிடலாம் என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். அப்போதுதான் அந்தப் பையனின் குரலை இரண்டாவது முறை கேட்டேன். கதையை நான்தான் எழுதியிருந்தேன், பஸ்ஸிலிருந்து பார்த்த உப்பளத்தை மனதில் வைத்து. "பாத்தியில் உப்பு பூத்திருந்தது. மேற்கே வானம் கறுத்தது. மாரியின் முகம் வாடியது" என்று ஓரிடம் வரும். அந்த முகம் ஏன் வாடியது என்று கதை எங்கும் சொல்லாது. கதையைச் சொல்லி முடித்த பிள்ளைகளிடம் ஆசைக்காக அதைக் கேட்டிருக்கிறேன். மதிப்பெண் தாளில் அதற்குக் கட்டமே கிடையாது.

9 வாங்கிய பெண்: "இடி இடிக்கும்னு பயந்துட்டாரு."

4 வாங்கிய பையன்: "மழ வந்தா உப்பு கரஞ்சிடும்ல டீச்சர்? அப்புறம் கூலி எப்டி குடுப்பாங்க?"

நாடாவை நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண்ணையும் குறை சொல்ல முடியாது. கரும்பு விளையும் ஊரில் மேகம் கறுத்தால் முகம் மலரும், வாடாது. கதை அவள் அறிந்த உலகத்தோடு பொருந்தவில்லை, அதனால் பொருந்துகிற ஒரு காரணத்தை அவளே தேடிக் கொடுத்திருக்கிறாள்.

இதை முன்பே படித்தவள்தான் நான். 1979இல் வெளிவந்த ஒரு ஆய்வில், அமெரிக்கக் கல்யாணம் ஒன்றையும் இந்தியக் கல்யாணம் ஒன்றையும் பற்றிய இரண்டு கடிதங்களை ஸ்டெஃபென்சன், ஜோக்தேவ், ஆண்டர்சன் மூவரும் இரு நாட்டவருக்கும் படிக்கக் கொடுத்தார்கள். தங்கள் ஊர்க் கல்யாணத்தை எல்லோரும் வேகமாகப் படித்தார்கள், அதிகம் நினைவில் வைத்தார்கள். அமெரிக்க மணப்பெண் பாட்டியின் கல்யாண உடையை உடுத்தியிருந்தாள். அங்கே அது பெருமை. படித்த இந்தியர் ஒருவரோ உடை பழசு, காலத்துக்கு ஒவ்வாதது என்று நினைவுகூர்ந்தார். 1988இல் ரெக்ட், லெஸ்லி செய்த பேஸ்பால் ஆய்வும் தெரியும். வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், விளையாட்டு தெரிந்திருந்தால், அது தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இத்தனையும் தெரிந்துகொண்டு, கடற்கரைப் பிள்ளைகள் புரிதலில் பின்தங்கியவர்கள் என்று ஆய்வேட்டில் எழுதியிருந்தேன்.

கேசட்டுகளை முழுவதும் கேட்டு மறுபடி மதிப்பெண் போட்டேன். இந்த முறை விதியை மாற்றினேன். நடந்தது என்ன, ஏன் நடந்தது என்பது வந்தால் போதும், எந்தத் தமிழில் வந்தாலும் சரி. உப்பளத்துப் பிள்ளைகள் மேலே வந்தார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது இன்னொன்று. "சென்றுவிட்டார்கள்" என்று படித்துவிட்டு "பூட்டாங்க" என்று சொல்கிற பிள்ளை, அந்த வாக்கியத்தைப் பொருளாக உள்ளே வாங்கி, தன் பேச்சாக வெளியே கொடுத்திருக்கிறது. "சென்றுவிட்டார்கள்" என்றே திருப்பிச் சொல்கிற பிள்ளையும் வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருக்கலாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நமக்குத் தெரியாது. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் இவ்வளவு இடைவெளி இருப்பதைக் குறையாகவே பேசிக்கொண்டிருந்தோம். புரிந்ததா என்று பார்க்க அந்த இடைவெளியைப் போல வசதியான இடம் வேறில்லை.

இதை ஒரு தேர்வுக் குழுவில் சொன்னேன். பேச்சுவழக்கில் பதில் சொன்னால் அது தமிழ்த் தேர்வே இல்லை என்றார்கள். இரண்டு கூட்டங்கள் வாதாடினேன், நடக்கவில்லை. இன்றும் அந்த முடிவு தப்பு என்றுதான் நினைக்கிறேன். எழுதத் தெரிகிறதா என்பது ஒரு கேள்வி, படித்தது புரிகிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே தாளில் மதிப்பெண் போட்டால் ஏழைப் பிள்ளைதான் இரண்டு முறை இழக்கிறது.

பிறகு என் நேரத்தை ஆசிரியர்களோடு செலவிட்டேன். அமெரிக்காவில் டொலோரஸ் டர்கின் 1970களின் கடைசியில் நான்காம் வகுப்புகளில் உட்கார்ந்து, 4,469 நிமிட வாசிப்புப் பாடத்தைக் கவனித்தார். எப்படிப் புரிந்துகொள்வது என்று கற்றுக்கொடுத்தது அதில் 20 நிமிடம்தான். மற்ற நேரத்தில் கேள்வி கேட்டார்கள், பயிற்சித்தாள் கொடுத்தார்கள். நம் வகுப்புகளை நான் நிமிடக் கணக்கு எடுக்கவில்லை, ஆனால் அந்த எண்ணைச் சொன்னால் எந்தப் பயிற்சியிலும் ஆசிரியர்கள் மறுத்ததில்லை. பாலின்க்சர், பிரௌன் இருவரும் 1984இல் எழுதிய முறையை அவர்களோடு சேர்ந்து முயன்றோம். பிள்ளைகளே மாறி மாறி டீச்சராக உட்கார்ந்து, கேள்வி கேட்டு, சுருக்கிச் சொல்லி, புரியாத இடத்தைத் தெளிவாக்கி, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். கூச்சல் அதிகம். முதல் வாரம் பிள்ளைகளும் வரியிலிருந்து எடுக்கிற கேள்விகளைத்தான் கேட்டார்கள், நம்மிடம் கற்றுக்கொண்டதுதானே. "ஏன்" என்று தொடங்கும் கேள்வி வர மூன்றாவது வாரம் ஆயிற்று.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கினார்கள். அடுத்த வருஷம் அந்தப் பகுதியில் ஒரு மாலை வகுப்பைப் பார்க்கப் போனேன். வீட்டுத் திண்ணை, பாய், பத்துப் பதினைந்து பிள்ளைகள். தன்னார்வலர் அதே தெருப் பெண், எல்லோருக்கும் அக்கா. ஒரு சின்னப் பெண் கதைப் புத்தகத்தைப் படித்து முடித்ததும் அக்கா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, எனக்குச் சொல்லு, என்னாச்சு?" என்றாள். அந்தச் சின்னப் பெண் எந்தத் தமிழில் சொல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. "ஒரு ஊர்ல ஒரு நரி இருந்துச்சிக்கா" என்று கையை ஆட்டி ஆட்டி ஆரம்பித்துவிட்டாள். நடுவில் மறந்த இடத்தில் பக்கத்துப் பையன் எடுத்துக் கொடுத்தான், அவன் சொன்னது தப்பு என்று இவள் சண்டை பிடித்தாள், அக்கா புத்தகத்தைத் திறந்து யார் சொன்னது சரி என்று இருவரையும் தேடச் சொன்னாள். நான் பையிலிருந்து எடுத்த நோட்டை அப்படியே உள்ளே வைத்துவிட்டேன்.