குன்னூர்க் குளிரில் எட்டு ஈழத்தலரிக் குச்சிகள்

போன வருடம் ஆறு குச்சிகளை அழுகவிட்டேன். அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம்.

மேட்டுப்பாளையத்தில் அக்கா வீட்டு வாசலில் ஒரு ஈழத்தலரி மரம் நிற்கிறது. வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். கள்ளி மந்தாரை, பெருங்கள்ளி என்றும் சொல்வார்கள். நர்சரியில் பிளுமேரியா என்று கேட்டால்தான் எடுத்துத் தருகிறார்கள். அந்த வாசனைக்கு ஆசைப்பட்டு ஜூன் மாதத்தில் ஆறு குச்சி வெட்டி வந்தேன். தோட்டத்துச் செம்மண்ணில் தொழு உரம் கலந்து நட்டுத் தினமும் தண்ணீர் விட்டேன். ரோஜாவும் ஹைட்ராஞ்சியாவும் இந்த ஊரில் அப்படி வைத்தாலே பிடித்துக்கொள்ளும். இது பிடிக்கவில்லை. ஆகஸ்ட் முடிவதற்குள் ஆறும் அடியில் கறுத்து நொளுநொளுவென்று ஆகிவிட்டன. அதில் இரண்டு குச்சி இலை வேறு விட்டிருந்தது. அதைப் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பிப் பெருமை அடித்துக்கொண்டதுதான் பெரிய வெட்கம்.

இந்த வருடம் மாசி நடுவில் போனேன். மரம் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்றது. வெட்டுவதற்கு அதுதான் சரியான நேரம். துளிர் விடுவதற்கு முன்னால், சக்தியெல்லாம் தண்டில் இருக்கும்போது எடுத்துவிட வேண்டும். பச்சையாக இருக்கும் இளந்தண்டு வேண்டாம், சாம்பல் நிறத்துக்கு மாறிய முதிர்ந்த தண்டுதான் வேண்டும். ஒன்றரை அடி நீளத்தில் எட்டு வெட்டினேன். பால் சொட்டச் சொட்ட வந்தது. அரளிக் குடும்பம் அல்லவா, அந்தப் பால் தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் படவே கூடாது. 

"ஏன்டா, போன தடவைதான் அழுக வெச்சே. மலை மேல இதெல்லாம் வருமா?" என்றாள் அக்கா.

"வராட்டி உனக்கென்னக்கா, மரம் இங்கதானே இருக்கு."

"அதுவும் மொட்டையாயிடுச்சு பாரு."

மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம் உயரம். குன்னூர் 1,800ஐத் தாண்டும். ஒரு பஸ் பயணத்தில் ஏறக்குறைய 1,500 மீட்டர் ஏறிவிடுகிறோம். சாக்கில் சுற்றிய குச்சியும் கூடவே ஏறுகிறது. இதன் சொந்த ஊரோ மெக்சிகோ, நடு அமெரிக்கா, கரீபியன் தீவுகள். பேரில் ஈழம் இருப்பதைப் பார்த்து ஏமாறக்கூடாது.

குச்சிகளை இரண்டு வாரம் பரண் மேல் சும்மா போட்டு வைத்தேன். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்ட வேண்டும். ஈரத்தோடு நட்டால் அழுகல் உள்ளே போக நாமே வாசல் திறந்து விட்ட மாதிரி. முருங்கைப் போத்தை வெட்டிய கையோடு ஊன்றிப் பழகியவர்களுக்கு இது பொறுமையைச் சோதிக்கிற வேலை. காய்கிறதே என்று பதற வேண்டாம், இது உள்ளே தண்ணீர் தேக்கி வைத்திருக்கிற தண்டு. லேசாகச் சுருங்கினாலும் தவறில்லை.

மார்ச் 14 அன்று நட்டேன். மூன்று பங்கு பெர்லைட்டும் (தொட்டிக்கலவையில் சேர்க்கிற லேசான வெள்ளைத் துகள்) கழுவிய பருமணலும், ஒரு பங்கு தேங்காய் நார்த்தூள். மண்ணே கிடையாது. நாலு விரல் ஆழம் ஊன்றி, ஆடாமல் இருக்கப் பக்கத்தில் மூங்கில் குச்சி கட்டினேன். ஒன்றை மட்டும் வேர் வெளியே தெரியட்டும் என்று கண்ணாடி மாதிரி இருக்கும் பழைய பருப்பு டப்பாவில், அடியில் ஓட்டை போட்டு வைத்தேன். சமவெளியில் இதற்குத் தண்ணீர் பாட்டிலை வெட்டிக்கொள்கிறார்கள். நீலகிரிக்குள் அந்த பாட்டிலைக் கொண்டுவரவே தடை; சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இனிதான் நான் யோசித்துச் செய்த விஷயம். போன வருடம் ஏன் இலை வந்தும் வேர் வரவில்லை? பேக்கரி வைத்திருக்கும் நண்பரிடம் மாவில் குத்திப் பார்க்கிற ஊசி தெர்மாமீட்டரைக் கடன் வாங்கி வந்தேன். காலை ஆறு மணிக்கு ஜன்னலோரத் தொட்டியின் உள்ளே 13 டிகிரி. மதியம் வெயில் நன்றாக அடித்து, குச்சியின் நுனி தொட்டால் சுடுகிற நேரத்திலும் தொட்டிக்குள் 17தான். மேலே கோடை, கீழே மார்கழி! நுனி தன் சேமிப்பை எடுத்து இலை விடுகிறது. அடிக்கு வேர் விடும் சூடு கிடைக்கவில்லை. இதற்கு வேரிடத்தில் 25 டிகிரியை ஒட்டியாவது வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வெந்நீர் பாய்லர் இருக்கிறது. காலையில் எங்களுக்கும் சாயங்காலம் அம்மாவுக்குமாக இரண்டு வேளை விறகு எரியும். தணல் நடு இரவு வரை கிடக்கும். நாலு தொட்டிகளை (பருப்பு டப்பா உட்பட) பாய்லரைச் சுற்றியுள்ள செங்கல் மேடையில் வைத்தேன். மற்ற நாலு ஜன்னலில். முதல் நாளே ஒரு தப்பு. பாய்லரை ஒட்டியே வைத்த தொட்டி ராத்திரி 41 டிகிரிக்குப் போய்விட்டது. அந்தக் குச்சி ஒரு வாரத்தில் வெந்த மரவள்ளி மாதிரி ஆகிவிட்டது. மற்ற மூன்றையும் ஒரு முழம் தள்ளி வைத்தேன். 24க்கும் 28க்கும் நடுவில் நின்றது.

ஏப்ரல் 5. ஜன்னல் குச்சிகளில் மூன்று துளிர்த்துவிட்டன. நாலாவது அடியில் கறுத்துவிட்டது, எடுத்து எறிந்தேன். பாய்லர் பக்கம் ஒரு அசைவும் இல்லை. கொட்டகையில் வெளிச்சமும் குறைவு. "அடுப்பு மூலையில வெச்சா செடி வளருமா?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் சந்தேகம்தான்.

ஏப்ரல் 16 அன்று குரங்கு வந்தது. ஜன்னல் திண்ணையில் வெயிலுக்கு வைத்திருந்த தொட்டியிலிருந்து ஒரு குச்சியைப் பிடுங்கி, நுனியைக் கடித்து, பால் பிடிக்காமல் தூக்கி எறிந்துவிட்டுப் போனது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தேன். விரல் நீளத்துக்கு நாலு இலை. அடியில் வேர் என்று ஒரு முடிகூட இல்லை. நட்டது நட்டபடியே இருந்தது. நானாகப் பிடுங்கிப் பார்க்க மனசு வந்திருக்காது, அந்த வகையில் குரங்குக்கு நன்றி.

இந்தச் செடியே கொஞ்சம் ஏமாற்றுக்காரச் செடிதான். ராத்திரியில் அப்படி மணக்கிற பூவில் தேனே கிடையாது. வாசனையை நம்பி வரும் அந்துப்பூச்சிகள் பூவுக்குப் பூ தேடித் தேடி, ஒன்றும் கிடைக்காமலே மகரந்தத்தைச் சுமந்துவிட்டுப் போகின்றன.

ஏப்ரல் 21, முப்பத்தெட்டாம் நாள். பருப்பு டப்பாவின் சுவரில் வெள்ளையாக ஒரு கோடு. டார்ச் அடித்துப் பார்த்தேன், வேர்! நாலு நாளில் மூன்று கோடாகிவிட்டது. அப்போதும் மேலே இலை இல்லை, நுனி மட்டும் லேசாகப் பளபளத்தது. அதுவரை இதற்கு நான் விட்ட தண்ணீர் பத்து நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர், அவ்வளவே. மே முதல் வாரம் மற்ற இரண்டையும் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்தேன், உள்ளிருந்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருந்தது. மூன்றையும் வெயிலுக்கு மாற்றினேன். பத்தே நாளில் இலை தள்ளிக்கொண்டு வந்தது.

அப்புறம் ஜன்னலில் மிஞ்சிய இரண்டையும் பாய்லர் பக்கம் கொண்டுபோனேன். ஒன்று மே கடைசியில் வேர் பிடித்தது. மற்றது இருந்த இலையையும் உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கிறது.

ஆக எட்டில் நாலு. இப்போது ஜூன் நடுவில், நாலும் கூரை இறவாணத்துக்குக் கீழே இருக்கின்றன. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெரிய மழை. அதற்குள் தண்டு கெட்டிப்பட வேண்டும். குளிர் தொடங்கி இலை பழுத்து விழுந்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கொட்டகைக்குள் தூங்க வைத்துவிடுவேன். ஊட்டிப் பக்கம் உறைபனிக்குத் தேயிலை மேல் தாகைச் செடியைப் பரப்பி மூடுகிறார்கள். அந்த அளவுக்குப் பனி எங்கள் சரிவுக்கு வருவதில்லை. ஆனாலும் இதை வெளியே விட்டு வைக்கத் தைரியமில்லை. இலையடியில் ஆரஞ்சு நிறப் பொடி மாதிரி துரு நோய் வருகிறதா என்று வாரம் ஒருமுறை திருப்பிப் பார்க்கிறேன், இதுவரை இல்லை.

அக்காவுக்கு இந்த முறை இலையைப் படம் எடுத்து அனுப்பவில்லை. டப்பாவில் தெரிந்த வேரை அனுப்பினேன். "இது என்னடா, நூடுல்ஸா?" என்று கேட்டாள்.

குரங்கு கடித்த குச்சியின் நுனியை வெட்டி, இலையைக் கிள்ளி, மறுபடி பத்து நாள் காயவைத்து ஊன்றியிருக்கிறேன். தோல் சுருங்கியிருக்கிறது. தினம் காலை பாய்லருக்கு விறகு வைக்கப் போகும்போது அடியை அமுக்கிப் பார்க்கிறேன், இன்னும் கெட்டியாகத்தான் இருக்கிறது.