ஒரு பென்னியும் பதினோரு பேரும்: பிரிஸ்டல் நியூ ரூமுக்கு ஒரு பொருத்தனைப் பயணம்

"வெஸ்லி ஐயர் பிரசங்கித்த இடத்தை ஒரு தரமாவது மிதித்துவிட்டு வா" என்று பெரியவர்கள் சொல்லிவிட்டுப் போன வீடுகள் நம்மில் நிறைய. ராயப்பேட்டையோ மன்னார்குடியோ கரூரோ, யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ, பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி தொடங்கிய மெதடிஸ்ட் சபையின் பழைய குடும்பம் என்றால் இந்தப் பொருத்தனை எங்காவது ஒரு ஓரத்தில் இருக்கும். அதை நிறைவேற்றப் போகிறவர்கள் பெரும்பாலும் லண்டன் சிட்டி ரோட்டோடு திரும்பிவிடுகிறார்கள். 1778இல் திறந்த ஆலயம், 1791 மார்ச் 2 அன்று அவர் உயிர் பிரிந்த வீடு, பின்புறம் கல்லறை. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் சுற்றுலா வேன்காரர்கள் இதை "நாற்பது நிமிஷ ஸ்டாப்" ஆக்கிவிட்டார்கள். கல்லறை முன்னால் நின்று ஒரு ஜெபம் சொல்வதற்குள் ஹார்ன் அடிக்கும். காலையில் லண்டன், மாலையில் வெஸ்லி பிறந்த எப்வொர்த் என்று ஒரே நாளில் எல்லாம் காட்டுகிறோம் என்பவர்களிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். பாதி நாள் நெடுஞ்சாலையிலேயே போய்விடும்.

நம் வீட்டு ஜெபக்கூட்டம், வட்டாரக் கூட்டம், சபைச் சந்தா, இவற்றுக்கெல்லாம் வேரைப் பார்க்க வேண்டுமானால் பிரிஸ்டலில் வெஸ்லி கட்டிய 'நியூ ரூம்' ஆலயத்துக்குத்தான் போக வேண்டும்.

லண்டன் பாடிங்டனில் ரயில் ஏறினால் ஒன்றே முக்கால் மணி நேரம். இறங்க வேண்டியது பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ். அதற்கு முன்னால் 'பிரிஸ்டல் பார்க்வே' என்று ஒன்று வரலாம். பெயரைப் பார்த்து அவசரப்பட்டு இறங்கினால் ஊருக்கு வெளியே வடக்கு ஓரத்தில் நிற்பீர்கள். டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்; அன்றைக்கு அன்று எடுத்தால் கண்ணைக் கட்டும். டெம்பிள் மீட்ஸிலிருந்து இருபது நிமிஷ நடை. கோச்சில் வருகிறவர்களுக்குப் பஸ் நிலையம் இன்னும் பக்கம். எந்தெந்தக் கிழமை திறந்திருக்கும் என்பதைப் போன் செய்து கேட்டுக்கொண்டு கிளம்புவது நல்லது. கூட்டமாகப் போனால் முன்பே எழுதிப்போட்டால் வழிகாட்டி ஒருவரை ஏற்பாடு செய்து தருவார்கள்.

இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் சோதனை. பிராட்மீட் கடைத்தெருவுக்கும் ஹார்ஸ்ஃபேருக்கும் நடுவில், துணிக்கடை செருப்புக்கடைகளுக்கு இடையே ஒரு வாசல். சனிக்கிழமை போனால் பைகளோடு இடித்துக்கொண்டு போகும் கூட்டம். முற்றத்தில் ஜான் வெஸ்லி குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். அந்தக் குதிரையின் மூக்கைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போகிறவர்கள்தான் அதிகம். பின்பக்க முற்றத்தில் தம்பி சார்லஸ் நிற்கிறார். அவரிடம் கூட்டம் கிடையாது. கீர்த்தனை எழுதியவருக்கு எங்கும் இதே கதிதான் போலும்.

உள்ளே காலை வைத்ததும் தெருச் சத்தம் அறுந்துவிடுகிறது. செருப்போடு நுழைவது நமக்குக் கொஞ்சம் கூசும். ஆலயத்துக்குக் கட்டணமில்லை, மேல்மாடி அருங்காட்சியகத்துக்கு மட்டும் சீட்டு. 1739 மே 12 அன்று அடிக்கல் போட்டு, 1748இல் பெரிதாக்கிய கட்டடம். உலகத்திலேயே பழைய மெதடிஸ்ட் கட்டடம் இது. பளபளப்பு ஒன்றும் இல்லை. வெள்ளைச் சுவர், மரப் பெஞ்சுகள், இரண்டடுக்குப் பிரசங்க பீடம்: கீழடுக்கு வேத வாசிப்புக்கு, மேலடுக்கு பிரசங்கத்துக்கு. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் எண்கோணமாக ஒரு கண்ணாடிக் கூண்டு. அதன் வழியாக இறங்கும் வெளிச்சம் நேராக பெஞ்சுகள்மேல் விழுகிறது.

அவசரப்படாமல் அங்கே உட்காருங்கள். கால் மணி நேரமாவது. ஐந்து மணிப் பிரசங்கத்துக்கு இருட்டோடு எழுந்து வந்த வேலைக்காரர்கள் உட்கார்ந்த இடம். ஆடம்பர ஆலயங்களில் வராத கண்ணீர் இந்த வெறும் பெஞ்சில் வருகிறது. ஸ்தோத்திரம், ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறு வார்த்தை கிடைப்பதில்லை. மேலே பிரசங்கியார்கள் தங்கிய அறைகளுக்கு ஏறினால், அதே கண்ணாடிக் கூண்டின் பக்கவாட்டு ஜன்னல் வழியாகக் கீழே பெஞ்சுகள் தெரியும். ஊர் ஊராகக் குதிரையில் அலைந்து வந்து இங்கே படுத்தவர்கள், விடிந்ததும் சபை கூடிவிட்டதா என்று இங்கிருந்தே எட்டிப் பார்க்கலாம்.

இத்தனைக்கும் மெதடிஸ்டுகளின் 'வகுப்பு' என்ற வாராந்தரச் சிறுகுழு பிறந்தது தரிசனத்தில் அல்ல, கடனில். கட்டடத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. 1742 பிப்ரவரி 15 அன்று பிரிஸ்டல் மெதடிஸ்ட் சங்கத்தின் முக்கியஸ்தர்கள் கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுப்போம் என்று கேப்டன் ஃபாய் என்பவர் சொன்னார். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று ஒருவர் மறுத்தார். அப்படியானால் இருப்பதிலேயே ஏழையான பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள். அவர்கள் கொடுத்தால் சரி, கொடுக்க முடியாவிட்டால் என் கையிலிருந்து போடுகிறேன் என்றார் ஃபாய். நீங்களும் ஆளுக்குப் பதினோரு அயலாரை எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கணக்கு எளிது. அவரோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பென்னி, வாரம் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு; வருஷத்துக்கு இரண்டு பவுண்டு பன்னிரண்டு ஷில்லிங். வசூலிக்க வீடு வீடாகப் போனவர்கள் வேறொன்றையும் பார்த்தார்கள்: ஒரு வீட்டில் குடி, ஒரு வீட்டில் சண்டை, ஒரு வீட்டில் யாரும் கேட்காத நோய். வந்து வெஸ்லியிடம் சொன்னார்கள். இத்தனை நாளாக இதைத்தான் தேடினோம் என்று பிடித்துக்கொண்டார் அவர். அடுத்த மாதமே, மார்ச் 25இல், லண்டனிலும் தொடங்கிவிட்டார்.

முதலில் பதினோரு பேருக்குப் பொறுப்பேற்ற தலைவர்தான் வீடுகளுக்குப் போனார். அது நிலைக்கவில்லை. நேரம் போதவில்லை, வேலைக்காரராக இருந்தவர்களின் எஜமான் வீட்டில் இவரை உள்ளே விடவில்லை, இரண்டு பேருக்குள் மனஸ்தாபம் என்றால் தனித்தனியே கேட்டு யார் சொல்வது உண்மை என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எனவே பன்னிரண்டு பேரும் ஓரிடத்தில் கூடினார்கள். அதுதான் வகுப்புக் கூட்டம். பாட்டு, ஜெபம், பிறகு தலைவர் முதலில் தன் ஆத்தும நிலையைச் சொல்வார். இந்த வரிசை முக்கியம். தலைவர் திறக்காத வாயை மற்றவர்கள் திறக்க மாட்டார்கள். அதன்பின் ஒவ்வொருவரிடமும் கேள்வி, அவரவருக்கு ஏற்ற ஒரு வார்த்தை, ஏழைகளுக்கான காசு, முடிவு ஜெபம். வராதவர் பெயருக்கு நேரே ஒரு எழுத்துக் குறிப்பார்கள்: நோயா, வேலையா, ஊரில் இல்லையா, அசட்டையா. அந்த வாரத்திலேயே தலைவர் போதகரிடம் கணக்கும் நிலவரமும் சொல்ல வேண்டும்.

இதைவிட நெருக்கமான குழு 'பேண்ட்'. அதன் விதிகள் 1738 கிறிஸ்துமஸ் நாளில் எழுதப்பட்டவை. ஆண்கள் தனி, பெண்கள் தனி. மணமானவர் தனி, ஆகாதவர் தனி. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்ற யாக்கோபு 5:16ஐ அப்படியே கடைப்பிடிப்பது அங்கே நோக்கம்: போன கூட்டத்துக்குப் பிறகு செய்த பாவம் என்ன, வந்த சோதனை என்ன, எப்படித் தப்பினாய் என்று நேராகவே கேட்பார்கள். அது விரும்பியவர்களுக்கு, வகுப்போ எல்லாருக்கும்.

வகுப்புச் சீட்டு என்று ஒன்றை அருங்காட்சியகங்களில் கண்டால் தாண்டிப் போகாதீர்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டைத் துண்டு. ஒரு வேத வசனம், காலாண்டைக் குறிக்கும் ஓர் எழுத்து, கையால் எழுதிய பெயர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதகர் ஒவ்வொருவரையும் விசாரித்துப் புதிதாகத் தருவார்; அப்பமும் தண்ணீரும் பகிர்ந்து சாட்சி சொல்லும் அன்பின் விருந்துக்கு உள்ளே போக அதைக் காட்ட வேண்டும். தவறி நடந்தால் ஆர்ப்பாட்டமில்லை, அடுத்த சீட்டு வராது, அவ்வளவுதான். "வாரம் ஒரு பென்னி, சீட்டுக்கு ஒரு ஷில்லிங்" என்பது வழக்கமானது. நம் சந்தாப் புத்தகத்தின் தாத்தா அந்த அட்டை. ஆனால் சந்தா பாக்கி என்றால் பல சபைகளில் இன்று ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசிக்க யோசிக்கிறார்கள். கொடுக்க முடியாதவனுக்காக நான் போடுகிறேன் என்ற ஃபாயின் பாதி நம்மிடம் வந்து சேரவில்லை.

பிற்காலத்தில் இங்கிலாந்திலும் இது தளர்ந்துபோயிற்று. பன்னிரண்டு முப்பதாக வளர்ந்தது. தலைவர் கேட்பதை விட்டுப் பிரசங்கிக்கத் தொடங்கினார். சாட்சி சொல்கிறவர்கள் வாராவாரம் அதே வாக்கியத்தைச் சொன்னார்கள். சீட்டு வெறும் அங்கத்தினர் அட்டை ஆனது. நம் வீட்டுக் கூட்டங்களில் பாட்டும் வசனமும் டீயும் பிஸ்கெட்டும் இருக்கின்றன. "போன வாரம் எப்படி இருந்தது?" என்று யாரும் கேட்பதில்லை. பதிலைக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் நினைவு வைத்திருக்க வேண்டுமே என்ற பயம்.

நமக்கும் இந்த ஊருக்கும் உள்ள இன்னொரு உறவை வழிகாட்டியிடம் கேளுங்கள். 1784 செப்டம்பர் 2 அன்று அமெரிக்கப் பணிக்கென்று தன் உடன் ஊழியர் தாமஸ் கோக்கின் தலைமேல் வெஸ்லி கைவைத்துப் பிரித்தெடுத்தது பிரிஸ்டலில்தான். முப்பது வருஷம் கழித்து, அதே கோக் மிஷனரிகளை இலங்கைக்கு அழைத்துவரும்போது 1814 மே 3 அன்று கப்பல் அறையில் இறந்து கிடந்தார். உடலைக் கடலில்தான் இறக்கினார்கள். தலைவர் போன பின்னும் மற்றவர்கள் ஜூன் 29 அன்று இலங்கையின் காலி துறைமுகத்தில் கரையேறினார்கள். லிஞ்சும் ஸ்குவான்ஸும் யாழ்ப்பாணத்துக்கு, ஆல்ட் மட்டக்களப்புக்கு. 1817இல் லிஞ்ச் மெட்ராஸ் வந்தார். கையில் அவர்கள் கொண்டுவந்தவற்றில் வகுப்பும் சீட்டும் ஒன்று. கல்லறைகூட இல்லாத அந்த மனுஷனுக்காக நன்றி சொல்ல இந்த வெள்ளைச் சுவரைவிட நல்ல இடம் இல்லை.

பன்னிரண்டு பேராகப் போக முடிந்தால் போங்கள். சாத்தும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கடைத்தெருக் கூட்டம் வடிந்துவிடும். இடப்பக்கப் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்தால் மைக் வேண்டாம், மெதுவாகப் பேசினாலே கேட்கும். வரிசையாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள். பெட்டியில் போட, ஆளுக்கு ஒரு பென்னிக் காசைக் காலையிலேயே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொண்டுவர மறந்திருப்பார். அவருக்கும் சேர்த்து இன்னொன்று.