மூன்று மணித்தியாலம்

திருகோணமலை நகரில், மத்திய வீதியிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில், போட்டோக் கொப்பிக் கடையொன்றின் பின்னறையில் இருந்துகொண்டு பிறப்புச் சான்றிதழ்களையும் விவாகச் சான்றிதழ்களையும் ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். வாசலில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகை தொங்கினாலும், வருபவர்களில் பாதிப்பேர் மொழிபெயர்ப்புக்காக மட்டும் வருவதில்லை. “எழுத்து முடிஞ்சுது, இனிப் பேப்பர் செய்யவேணும்” என்று, அதாவது விவாகப் பதிவு முடிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு, பெண்ணும் பெண்ணின் தகப்பனும், சில வேளைகளில் ஒரு சித்தியும் சேர்ந்து வந்து, கல்யாண அல்பத்தை என் மேசையில் விரித்து வைப்பார்கள். திருமணம் உண்மையானது என்பதை நிரூபித்துவிட்டால் விசா வந்துவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கும் அதே நம்பிக்கைதான் இருந்தது. எந்தப் படத்தில் எத்தனை உறவினர் தெரிகிறார்கள், தாலி கட்டும் படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்பதிலேயே பொழுது போய்விடும்.

இப்போது நான் அல்பத்தை மெல்ல ஓரமாக வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் சம்பளச் சீட்டு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்கிறேன். அந்தக் கேள்வி அவர்களுக்கு இனிப்பதில்லை. கல்யாணப் பேச்சு நடந்த நாட்களில் “லண்டனில் நல்ல வேலை” என்ற ஒற்றை வாக்கியத்தோடு இரு வீட்டாரும் மரியாதையாக நிறுத்திக்கொண்ட விஷயத்தை, கல்யாணம் முடிந்த பிறகு, முன்பின் தெரியாத ஒருவன் எண்ணாகக் கேட்பது யாருக்குத்தான் பிடிக்கும்? சில தகப்பன்மார் மகளைத் திரும்பிப் பார்ப்பார்கள். மகள் கைத்தொலைபேசியைப் பார்ப்பாள்.

பிரித்தானியாவுக்கு வாழ்க்கைத்துணையை அழைப்பவர் ஆண்டுக்கு 18,600 பவுண்ட் உழைப்பதைக் காட்ட வேண்டும் என்ற விதி 2012 ஜூலையில் வந்தது. 2024 ஏப்ரலில் அது 29,000 ஆக உயர்த்தப்பட்டது. எங்கள் ஊரில் பவுண் என்றாலே தங்கம் என்பதால், அந்த எண்ணைக் கேட்டவுடன் ஒரு கணம் திகைத்துவிட்டுப் பிறகு சிரித்தவர்களும் உண்டு. வருமானம் போதாவிட்டால் சேமிப்பைக் காட்டலாம். ஆனால் அதற்கான கணக்கு வேறு. குறைகிற தொகையை இரண்டரையால் பெருக்கி, அதனோடு 16,000 பவுண்டைக் கூட்ட வேண்டும். அவ்வளவு பணமும் ஆறு மாதங்களுக்குக் குறையாமல் கணக்கில் கிடந்திருக்க வேண்டும். முழுக்கச் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் பழைய விதியில் 62,500 பவுண்ட், புதிய விதியில் 88,500. சம்பளத்துக்கும் ஆறு மாதக் கணக்குத்தான்: ஆறு மாதச் சீட்டுகள், அந்தச் சம்பளம் விழுந்ததைக் காட்டும் வங்கிக் கூற்றுகள், வேலை வழங்குநரின் கடிதம். கடையில் பாதிச் சம்பளத்தைக் கையில் வாங்கிப் பழகிய பையன்களுக்கு இடி விழுவது வங்கிக் கூற்றில்தான்.

நாடுகளைக் குழப்பிக்கொள்வது எங்கள் பக்கத்தில் வழமை. கனடாவில் இருக்கும் மைத்துனன் மனைவியை எடுத்தபோது யாரும் சம்பளம் கேட்கவில்லையே என்பார்கள். அது உண்மைதான், வாழ்க்கைத்துணையை அழைப்பதற்குக் கனடாவில் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை கிடையாது, மூன்று ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்று ஒப்பமிட வேண்டும். அமெரிக்காவில் மாமா ஒருவர் சேர்ந்து கையெழுத்து வைத்தாரே என்பார்கள். அதுவும் உண்மைதான், அங்கே வறுமைக்கோட்டின் 125 சதவீதத்தைக் கணவனால் காட்ட முடியாவிட்டால் இன்னொருவர் இணைப் பொறுப்பாளராக வரலாம், அப்படி வைத்த கையெழுத்து விவாகரத்தோடுகூட முடிவதில்லை. பிரித்தானியாவில் மாமாவின் கையெழுத்துக்குப் பொதுவாக இடமில்லை. மாமா மனமுவந்து கொடுத்த பணத்துக்கு இடமுண்டு, அந்தப் பணம் தம்பதியருடையதாகி ஆறு மாதம் படுத்துக் கிடந்தால். இந்தக் கடைசி வாசகத்தை 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் உப்புவெளியிலிருந்து வந்த ஒரு ஐயாவிடம் நான்தான் சொன்னேன். அதை அப்போது சொல்லாமலே இருந்திருக்கலாம் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

அவர் கூட்டுறவுச் சங்கமொன்றில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனைகள் இருக்கும். மகளுக்கு எழுத்து முடிந்து எட்டு மாதமாகியிருந்தது. மருமகன் லண்டனில் ஒரு பலசரக்குக் கடையில் வேலை செய்தார், மணித்தியாலத்துக்கு 8.91 பவுண்ட், அந்நாளில் சட்டம் விதித்திருந்த குறைந்தபட்சக் கூலி. வாரத்துக்கு 35 மணித்தியாலம். ஆண்டுக்கு 16,216 வரும், 2,384 குறைவு. நான் கணிப்பானைத் தட்டி, சேமிப்பு வழியில் போனால் 21,960 பவுண்ட் வேண்டும் என்று சொன்னேன். அன்று பவுண்ட் ஏறத்தாழ 270 ரூபாய். ஐயா தன் பேனையை எடுத்து, சிகரெட் பெட்டியின் உட்தாளில் பெருக்கிப் பார்த்து, “அறுவது லெச்சம்” என்றார். கூடவே, கேட்காமலே, நிலாவெளியில் ஒரு துண்டு நிலம் இருப்பதையும் சொன்னார்.

நிலம் விற்றது. நவம்பரில் மகளின் பெயரில் சேமிப்புக் கணக்கில் அறுபது இலட்சம் விழுந்தது. விண்ணப்பிக்கும் பெண்ணின் கணக்கில் இருக்கும் பணமும் செல்லும், இலங்கையில் உள்ள வங்கியொன்றில் இருந்தாலும் செல்லும். அந்த அளவில் நான் சொன்னதில் பிழையில்லை. மே மாதத்தில் ஆறு மாதம் முடியும், வைகாசியில் நல்ல நாள் பார்த்து விண்ணப்பிக்கலாம் என்று நாங்கள் மூவரும் பேசிக்கொண்டோம். பிள்ளை அவசரப்பட்டு ஏப்ரலிலேயே இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், விசாவுக்கு வேண்டிய காசநோய்ப் பரிசோதனையும் செய்துகொண்டு வந்துவிட்டாள்.

இடையில் என்ன நடந்தது என்பதை இலங்கையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயின் பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் ஒரு பவுண்ட் 440 ரூபாயைத் தாண்டிவிட்டது. பெற்றோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, நாளுக்குப் பல மணித்தியால மின்வெட்டு. என் கடையில் கொப்பி அடிக்கத் தாள் இல்லாமல், வருபவர்களையே தாள் கொண்டுவரச் சொன்ன காலம். இந்த அமளியில் அந்த அறுபது இலட்சத்தை யாரும் தொடவில்லை. அது ஒரு சதமும் குறையாமல், வட்டியும் சேர்ந்து, புத்தகத்தில் அழகாக நின்றது. ஐயா அந்த வங்கிப் புத்தகத்தை ஒரு பொலித்தீன் உறையில் போட்டு, உப்புவெளியிலிருந்து சைக்கிளில் கொண்டுவந்து என் முன் வைத்தார்.

வெளிநாட்டு நாணயத்தில் இருக்கும் சேமிப்பை, விண்ணப்பிக்கும் அன்றைய மாற்று வீதத்தில்தான் பவுண்டாக்கிப் பார்ப்பார்கள். அறுபது இலட்சம் அன்றைக்குச் சுமார் 13,500 பவுண்ட். இனி வருவதைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு எழவில்லை. சேமிப்பில் முதல் 16,000 கணக்கிலேயே வராது. அதற்கு மேலே இருப்பதைத்தான் எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே அந்த 13,500, விதியின் கண்ணில் 13,500 கூட அல்ல, வெறும் பூச்சியம். நிலாவெளித் துண்டு முழுவதும் பூச்சியம். நான் இதை இரண்டு முறை சொன்னேன். முதல் முறை அவருக்கு விளங்கவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் முறை சொன்ன பிறகுதான், முதல் முறையே விளங்கிவிட்டது என்று தெரிந்தது. “காசு அப்பிடியேதானே தம்பி கிடக்குது” என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு மருமகனை அழைத்தேன். அங்கே வேலை முடியும் நேரத்தில் இங்கே நள்ளிரவாகிவிடும்; அந்தக் கோடையில் நாலரை மணித்தியால வித்தியாசம். ஏப்ரல் மாதச் சம்பளச் சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். மின்வெட்டு நேரம், தொலைபேசித் திரையின் வெளிச்சத்திலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். மணித்தியாலம் 35.00 என்று இருந்தது. ஆனால் கூலி மாறியிருந்தது. ஏப்ரலிலிருந்து சட்டக் கூலி 9.50. முப்பத்தைந்தால் பெருக்கி, ஐம்பத்திரண்டால் பெருக்கினால் 17,290. மாதத்துக்கு 110 பவுண்ட் அளவில்தான் குறைவு. பிறகு, ஒக்டோபரிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கை அன்றிரவு முதல் தடவையாகச் செய்தேன். 18,600ஐ ஐம்பத்திரண்டாலும் 9.50ஆலும் வகுத்தேன். வாரத்துக்கு 37.65 மணித்தியாலம் வந்தது.

மூன்று மணித்தியாலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு அரைப் பொழுது.

ஒக்டோபரில் பழைய கூலியில் பார்த்திருந்தாலும் ஐந்து மணித்தியாலத்துக்குச் சற்று மேலேதான் வந்திருக்கும். கடைக்காரரிடம் வாரத்துக்கு ஆறு மணித்தியாலம் கூடக் கேட்டிருந்தால், நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஆறு சீட்டுகள் சேர்ந்திருக்கும், நிலமும் நிலாவெளியிலேயே இருந்திருக்கும். ஏன் யாரும் கேட்கவில்லை என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். மருமகனுக்கு முதலாளியிடம் கேட்கக் கூச்சம். அதைவிட, முப்பத்தைந்து மணித்தியாலம்தான் கிடைக்கிறது என்பதை மாமனாருக்குச் சொல்லவே கூச்சம். ஐயாவுக்கோ மருமகனைக் கரைச்சல்படுத்தக் கூடாது என்பதில் பிடிவாதம். பெண் வீட்டார் கொடுப்பவர்கள், கேட்பவர்கள் அல்ல என்று எழுபது வயது வரை பழகிய மனிதர், குறை என்று ஒன்று தெரிந்தவுடன் தன்னிடம் என்ன இருக்கிறது என்றுதான் தேடினார். சரி, அவர்கள் உறவுக்காரர்கள். எனக்கு என்ன கூச்சம்? சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்த நான், அதில் தொகையைப் பார்த்தேனே தவிர, அந்தத் தொகை எத்தனை மணித்தியாலத்தால் ஆனது என்ற வரியைப் பார்க்கவில்லை. தகப்பன் நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் நானும் நிலத்தின் பின்னால் போய்விட்டேன். இந்த மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களின் கைக்கு எட்டுவது நிலமும் நகையும்தான் என்பதால், தீர்வும் அங்கேதான் இருக்கும் என்று நினைக்கும் பழக்கம் எனக்கும் தொற்றியிருந்தது.

மருமகன் கேட்டார். முதலாளி ஒரு வார்த்தைகூட மறுத்துப் பேசவில்லையாம். ஞாயிறு காலையில் சரக்கு இறக்க ஆள் இல்லாமல் அவரே கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தாராம். ஜூனிலிருந்து 38 மணித்தியாலம். ஆண்டுக்கு 18,772. ஆனால் ஆறு சீட்டுகள் சேர வேண்டுமே. ஜூன், ஜூலை என்று நவம்பர் வரை ஒவ்வொரு மாதமும் சீட்டு வந்தவுடன் வங்கிக் கூற்றோடு சதம் பிசகாமல் பொருந்துகிறதா என்று ஒப்பிட்டுப் பார்த்தேன். காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதத்தோடு காலாவதியாகிவிட்டதால் பிள்ளை மறுபடியும் இரவு ரயில் ஏற வேண்டியிருந்தது. அந்த ஆறு மாதத்தில் அவள் அல்பத்தை ஒருமுறையும் கொண்டுவரவில்லை. ஒவ்வொரு மாதமும் வந்து, “அண்ணா, இந்த மாசம் சரியோ?” என்று கேட்டுவிட்டுப் போவாள். கணவனோடு அவள் பேசுவதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனாரா என்பதைப் பற்றித்தான் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். திருமணமாகி ஒன்றரை வருடத்தில் ஒரு பெண்ணின் ஞாயிற்றுக்கிழமை இப்படி ஆனதை எந்த விண்ணப்பப் படிவத்திலும் எழுத இடமில்லை.

டிசம்பரில் விண்ணப்பம் போனது. சுகாதார மேலதிகக் கட்டணம் மட்டும் 1,872 பவுண்ட். மருமகன் அங்கே அட்டையால் கட்டிவிட்டார். ஐயா அதற்கு ஈடான எட்டு இலட்சத்துச் சொச்சத்தை வங்கியிலிருந்து எடுத்து, சம்பந்தி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவர்கள் வாங்க மறுத்து, இவர் வைத்துவிட்டு வந்து, அவர்கள் திருப்பி அனுப்பி, மறுபடியும் இவர் கொண்டுபோய் என்று அந்தப் பணம் உப்புவெளிக்கும் உவர்மலைக்கும் இடையில் மூன்று முறை பயணம் செய்தது. நிலத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்று அவருக்கு அதில் ஒரு சமாதானம் இருந்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கியதும் மணித்தியாலத்தைத்தான் முதலில் பார்க்கிறேன். 29,000 ஆன பிறகு அந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிவிட்டது. 2024 ஏப்ரலின் 11.44 பவுண்ட் கூலியில் வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணித்தியாலம் வேண்டும். மூன்று மணித்தியாலத்தைக் கேட்டு வாங்குவது போல இது எளிதல்ல. எல்லை உயர்வதற்கு முன்பே விசா பெற்றுவிட்டதால், அந்தப் பிள்ளை அதே கணவனோடு விசாவை நீட்டிக்கும்போது பழைய 18,600தான் பொருந்தும். அங்கே அவளே உழைக்கும் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம்.

விசா வருவதற்கு முன்பு ஒருநாள் ஐயா தனியாக வந்தார். மருமகனின் சீட்டுகளைப் பார்க்க வேண்டும் என்றார். அதுவரை அவர் அவற்றைக் கையில் எடுத்ததே இல்லை. ஆறையும் வரிசையாக அடுக்கி வைத்தேன். அந்த மூன்று மணித்தியாலம் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். காட்டினேன். மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, 38.00 என்ற எண்ணின் மேல் பேனையின் பின்பக்கத்தை வைத்து, ஒவ்வொரு சீட்டிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஒரு கொப்பி அடித்துத் தரச் சொன்னார். மின்சாரம் போயிருந்தது, நாளைக்கு வாருங்கள் ஐயா என்றேன்.