பாம்புச்செடிக்குப் பெயர் மாற்றிய புண்ணியவான்

மலேசியாவின் குளுவாங்கில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே ஒன்றரை ஏக்கரில் அழகுச்செடி வளர்க்கிறேன். பல வருடமாக மொத்த வியாபாரிக்குத்தான் கொடுத்துவந்தேன். லோரியோடு வருவார், எண்ணுவார், தான் சொன்ன விலையை வைத்துவிட்டுப் போவார். “வெளிநாட்டில் என்ன விலைக்குப் போகிறது, அண்ணே?” என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு பொறுக்காமல்தான் நேரடி ஏற்றுமதியில் இறங்கினேன்.

கம்பெனிப் பதிவு, நெதர்லாந்தில் ஆள் பிடித்தது, விலை பேசியது எல்லாம் எப்படியோ முடிந்தன. மாட்டிக்கொண்டது ஃபைட்டோவில், அதாவது தாவர நலச் சான்றிதழில். 2019 டிசம்பர் 14இல் புதிய விதிகள் வந்த பிறகு, அது இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாற்றுகூட நுழைய முடியாது. வேரில் மண் இருக்கக் கூடாது. சான்றிதழ் கொடுத்த 14 நாளுக்குள் சரக்கு நாட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும்.

400 பாம்புச்செடிகளின் வேரைக் கழுவி, உலர்த்தி, சான்றிதழும் வாங்கிவிட்டேன். மறுநாள் சரக்கு முகவர் கூப்பிட்டார். “சான்றிதழில் சான்சிவேரியா என்றிருக்கிறது, இன்வாய்ஸில் டிரசீனா என்றிருக்கிறது. எந்தச் செடியை அனுப்புகிறீர்கள்?”

இரண்டும் ஒன்றுதான். தாவரவியலாளர்கள் 2017இல் இதற்கு டிரசீனா ட்ரைஃபேசியாட்டா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வாங்குபவர் புதுப் பெயரில் ஆர்டர் கொடுத்திருந்தார். நான் நாற்றுப் பதிவேட்டில் இருந்த பழைய பெயரை விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன். மலாய்க்காரர்களுக்கு லிடா ஜின், நமக்கு மாமியார் நாக்கு. மாமியார் பெயரிலேயே போயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

சான்றிதழ் கொடுத்த அலுவலகத்துக்கு ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போனேன். முகப்பில் இருந்தவர் காகிதத்தைத் தொடவே இல்லை. “நீங்கள் எழுதியதைத்தான் அச்சடித்தோம், ஐயா. புதிதாக விண்ணப்பியுங்கள், மறுபடியும் பரிசோதனை வேண்டும்.” செடியின் படத்தைக் காட்டினேன், கெஞ்சினேன். பசியாறப் போய்விட்டார். விமானத்தில் பிடித்துவைத்த இடமும் போனது. செடி அனுப்ப நினைப்பவர்கள் முதலில் வாங்குபவரின் ஆர்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதில் உள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுங்கள்.

நல்லவேளை, பாம்புச்செடி சுலபத்தில் சாகிற ஜாதி இல்லை. கலாத்தியா மாதிரி சீக்கிரம் வாடும் அழகுச்செடியாக இருந்திருந்தால் இரண்டே நாளில் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

மறு பரிசோதனைக்கு முன் செடிகளை மீண்டும் பிரித்துப் பார்த்தோம். எங்களிடம் வேலை செய்யும் அக்கா இருபது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இலை அடியை விரலால் விரித்து, “இங்கே பாருங்கள், தம்பி” என்றார். மாவுப்பூச்சி. முதல் முறை யார் கண்ணிலும் படாத இடம். அன்று மாலை முழுவதும் பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீருமாக உட்கார்ந்து தேய்த்தோம், தேறாத பதினோரு செடிகளை எரித்தோம். ஆம்ஸ்டர்டாமில் போய்ப் பிடிபட்டிருந்தால் அடுத்த ஆர்டரைக் கனவில்தான் பார்த்திருப்பேன்.

இரண்டாவது சான்றிதழ் கிடைத்த ஐந்தாம் நாள் சரக்கு பறந்தது. பணமும் வந்துவிட்டது.

போன வாரம் வியாபாரி லோரியோடு வந்தார். அங்கே என்ன விலைக்குப் போனது என்று இம்முறை அவர் கேட்டார். நான் சிரித்தேன்.