நீர் போட்ட பாதை: ஊட்னடாட்டா நாட்குறிப்பு

ஜூலை 6, மரீ

நாளை காலை ஊட்னடாட்டா சாலையில் ஏறுகிறோம். தெற்கு ஆஸ்திரேலியாவின் இந்தச் சிற்றூரிலிருந்து வில்லியம் கிரீக், ஊட்னடாட்டா வழியாக மார்லா வரை ஏறத்தாழ 620 கிலோமீட்டருக்கு மண்சாலைதான். மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் வண்டி ஓட்டுபவர்களுக்குக் கடும் அபராதம் உண்டு. அது முற்றிலும் நியாயம். ஈரக் களிமண்ணில் ஒரே ஒரு வண்டி பதித்துவிட்டுப் போகும் தடம், காய்ந்தபின் கல்லாக இறுகி, பின்னால் வருகிற அத்தனை பேரையும் வதைக்கும். இன்று வானம் தெளிவாக இருக்கிறது, சாலையும் திறந்திருக்கிறது.

மரீயின் பழைய பெயர் ஹெர்காட் ஸ்பிரிங்ஸ். ஊற்றின் பெயரே ஊரின் பெயராக இருந்தது. 1884இல் ரயில் இங்கே வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் சரக்குகளைச் சுமந்தவை, ‘ஆஃப்கன்கள்’ என்று மொத்தமாக அழைக்கப்பட்ட ஒட்டகக்காரர்களின் ஒட்டகங்கள். அவர்கள் தொழுத சிறு பள்ளிவாசலின் மாதிரி ஒன்றை ஊரில் எழுப்பியிருக்கிறார்கள். சுற்றிலும் திறந்த அந்த எளிய கூரையின் கீழே வெகுநேரம் நின்றோம்.

ஜூலை 7, கவர்ட் ஸ்பிரிங்ஸ்

டயர்களின் காற்றைக் குறைத்துக்கொண்டு புறப்பட்டோம். சாலை நெடுகக் குறுக்கே வரிவரியாக மேடும் பள்ளமுமாக இருப்பதால், காற்றைக் குறைக்காவிட்டால் வண்டியில் இருக்கும் ஒவ்வொரு திருகும் கழன்றுவிடும் போலிருக்கிறது. டிங்கோ நாய்களைத் தடுக்க ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட வேலியை மரீயைத் தாண்டிச் சிறிது தொலைவில் கடந்தோம். பிறகு காட்டி தண்டா எனப்படும் ஏர் ஏரியின் தென்பகுதி வந்தது. கடல்மட்டத்துக்கும் கீழே, உப்பு வெளுத்துக் கிடக்கிறது. இது அரபானா என்னும் பழங்குடி மக்களின் நிலம். 2012இல் நீதிமன்றம் அவர்களின் நில உரிமையை ஏற்றது. ஏரிப்படுகையில் இறங்க வேண்டாம் என்பது அவர்களுடைய வேண்டுகோள். மேட்டிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மாலையில் வப்மா கடார்பு காப்பகத்தின் ஊற்றுகளைக் கண்டோம். இந்தப் பயணத்தில் ஒன்றை மட்டும்தான் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், நான் இதையே சொல்வேன். ‘பப்ளர்’ என்ற ஊற்றில் தெளிந்த நீரின் அடியில் மணல் அமைதியாகக் கிடக்கிறது. திடீரென்று அது உள்ளிருந்து உப்பி, உலையில் கொதிக்கும் அரிசியைப்போலப் புரண்டு, வளையமாக விரிந்து, மறுபடியும் படிகிறது. அருகிலுள்ள ‘பிளான்ச் கப்’ ஒரு மேட்டின் உச்சியில் கோரை சூழ்ந்து நிற்கும் வட்டக் குளம். நீர் ஆவியாகும்போது விட்டுச்செல்லும் தாதுக்களும் காற்று கொண்டுவரும் மணலும் சேர்ந்து, அந்த மேட்டை ஊற்றே தனக்காகக் கட்டிக்கொண்டிருக்கிறது.

இது பெரும் ஆர்ட்டீசியன் படுகை எனப்படும் நிலத்தடி நீர்த்தேக்கத்தின் நீர். ஆஸ்திரேலியாவின் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான பரப்பின் அடியில் பரவியிருக்கும் இந்தப் படுகையில், கிழக்கே தொலைதூர மலைச்சரிவுகளில் பெய்த மழை மணற்பாறைக்குள் இறங்கி, இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஊர்ந்து, இங்கே பாறை பிளந்த இடத்தில் தன் அழுத்தத்தாலேயே மேலே வருகிறது. பிளான்ச் கப்பிலிருந்து பார்த்தால் தெரியும் ஹாமில்டன் குன்றும் ஒருகாலத்தில் ஊற்றாக இருந்ததுதான்; இன்று உலர்ந்துவிட்டது. ஐரோப்பியர் வந்தபின் தோண்டப்பட்டுக் கட்டுப்பாடின்றி ஓடிய ஆழ்துளைக் கிணறுகள் படுகையின் அழுத்தத்தைப் பெருமளவு குறைத்தன. அவற்றுக்கு மூடி போடும் வேலையைவிட அவசரமான வேலை இந்த நிலத்தில் வேறெதுவும் இல்லை என்றே கருதுகிறேன்.

கூடாரம் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில். பழைய ரயில் கட்டைகளால் கட்டிய தொட்டியின் நீரில் அமிழ்ந்தபோது உடம்பின் புழுதி கரைந்து போயிற்று.

ஜூலை 8, வில்லியம் கிரீக்

காற்று வீசுகிறது. டீசல் நிரப்பினோம். எழுத வேறொன்றுமில்லை.

ஜூலை 9, அல்ஜிபக்கினா

நீல்ஸ் ஆற்றின் மேல் 587 மீட்டர் நீளத்தில் இரும்புப் பாலம் நிற்கிறது. 1892இல் முடிந்தது. பத்தொன்பது கண்களில் ஒன்றுகூடச் சாயவில்லை. கீழே நீர்க்குட்டையின் கரையில் முகாமிட்டோம்.

அரபானா மக்களும் அவர்களுடைய அண்டை மக்களும் ஊற்றுக்கு ஊற்று நடந்து வணிகம் செய்த தடத்தில்தான் ஜான் மெக்டூவல் ஸ்டூவர்ட் என்ற நாடாய்வுப் பயணி தம் குதிரைகளோடு வடக்கே போனார். அந்தத் தடத்தையொட்டியே 1872இல் தந்திக்கம்பி போய் முடிந்தது. பின்னர் ரயிலும் அதே வழியில் வந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இருந்ததோ இந்த ஒரு வரிசையில்தான். நாம் ஓட்டிவரும் சாலை அந்தத் தண்டவாளத்தின் ஓரமாகவே போகிறது.

ஜூலை 11, மார்லா

ஊட்னடாட்டாவில் நேற்று இளஞ்சிவப்புச் சுவர்கொண்ட கடையில் டயர் ஒட்டிக்கொண்டோம். 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர் இது. ஜூலையில் இரவில் போர்வை போதவில்லை. அதன்பின் முழுக்கச் சரளைக்கல் வெளி.

மார்லாவில் தார்ச்சாலை தொடங்குகிறது. இங்கே புதிய ரயில்பாதையையும் சந்தித்தோம். டீசல் எஞ்சின்கள் வந்தபின் ஊற்றுகள் தேவைப்படவில்லை. பழைய பாதையையோ வெள்ளம் அடிக்கடி அரித்துக்கொண்டுபோயிற்று. ஆகவே 1980இல் வெள்ளம் எட்டாத மேற்கு நிலத்தில் இந்தப் பாதையைத் திறந்து, பழையதை மூடினார்கள். டயர்களுக்குக் காற்று நிரப்பியாயிற்று. நாளை நெடுஞ்சாலையில் தெற்கே கூபர் பெடிக்கு.