லேப்டாப் டிவிடி தட்டு திறக்கலையா?

இன்னைக்கு டேபிளுக்கு வந்த லேப்டாப்ல டிவிடி டிரைவ் முகப்பு முழுக்க ஸ்க்ரூடிரைவர் கீறல். நெம்பிப் பார்த்திருக்காங்க.

தயவுசெஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க.

தட்டு வெளியே வர்ற லேப்டாப் டிரைவ்ல லென்ஸும் மோட்டாரும் அந்தத் தட்டு மேலேயேதான் இருக்கு. டெஸ்க்டாப் டிரைவ் மாதிரி உள்ளே பத்திரமா இல்லை. நெம்புற ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனா லென்ஸ்ல கீறல் விழலாம், அப்புறம் டிரைவையே மாத்தணும்.

பட்டன் வெறும் சுவிட்ச்தான். தட்டைப் பிடிச்சிருக்கிற கொக்கியை விடுவிக்கிறது உள்ளே இருக்கிற சின்ன மின்காந்தம். அதனாலதான் லேப்டாப் ஆஃப்ல இருந்தா எவ்வளவு அழுத்தினாலும் திறக்காது.

ஆன் பண்ணி, 'திஸ் பிசி'ல டிரைவை ரைட் கிளிக் செஞ்சு எஜெக்ட் கொடுங்க. இதுல திறந்தா, பட்டன் மேல சந்தேகப்படலாம்.

அப்பவும் அசையலையா? ஷட் டவுன் பண்ணுங்க, சார்ஜரையும் கழட்டுங்க. முகப்புல குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, சாய்க்காம நேரா விடுங்க. தடுக்கிற இடத்துல லேசா அழுத்தினா தட்டு கொஞ்சம் துள்ளி வரும். மீதியைக் கையால மெதுவா இழுங்க. தையல் ஊசி வேண்டவே வேண்டாம், உடைஞ்சு உள்ளேயே தங்கிடும்.

இப்ப டிஸ்க்கைப் பாருங்க. நடுக் குமிழ்ல 'டிக்'னு உட்காராத டிஸ்க் மேல்தகட்டுல உரசி மாட்டிக்கும். டிஸ்க் வைக்கும்போது தட்டுக்கு அடியில ஒரு கையைக் கொடுத்து, நடுவுல விரலால அழுத்துங்க.